இரண்டாவது எஞ்சின் எதற்கு? ‘சரஸ்’ விமானத்தின் வரலாறு

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ வசிக்கும் வாசகர்கள், மீனம்பாக்கத்தில் இறங்குவதற்காகத் தாழப் பறந்து செல்லும் விமானங்களை மொட்டை மாடியிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஜெட் விமானங்கள். ஆயினும் இடையிடையே, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு உந்துவிசிறிகள் சுழல, வேறு விதமான ஓசையுடன் வரும் விமானங்களும் உண்டு. சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குச் சென்று வரும் ஏ.டி.ஆர். விமானங்களும், கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

ஏ.டி.ஆர். பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து உருவாக்கியது. டோர்னியர் ஜெர்மனியில் வடிவமைக்கப்பட்டு, உரிமம் பெற்று, கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தால் கட்டப்படுவது. அப்படியானால், நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட இரட்டை எஞ்சின் பயணி விமானம் எதுவும் இல்லையா? உண்டு. அதன் பெயர் ‘சரஸ்’. சாரசப் பறவையின் பெயரைத் தாங்கிய அந்த விமானத்தின் கதையை அறியுமுன், ஓர் அடிப்படைக் கேள்விக்கு விடை காண்போம்.

ஒரு எஞ்சின் போதாதா?

ஒன்று நின்றால் மற்றொன்று காப்பாற்றும், அதற்காகவே இரண்டு. இது சரியான விடைதான். ஆனால் முழு விடை அன்று.

பங்குனித் திருவிழாவில் கபாலீசுவரர் தேர் மாட வீதிகளில் வருவதை நினைத்துப் பாருங்கள். இரண்டு வடங்களையும் சமமாக இழுக்கும்வரை தேர் நேராக வரும். ஒரு வடத்தைப் பிடித்தவர்கள் கையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? தேர் பாதி வேகத்தில் நேரே வராது. ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். சக்கரத்துக்குக் கட்டை போட்டுத்தான் அதை நேர்வழிக்குக் கொண்டுவர வேண்டும். விமானத்திலும் ஒரு பக்க எஞ்சின் நின்றால் இதே நிலைதான். கட்டை போடும் வேலையை வாலில் உள்ள சுக்கான் செய்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வோர் எஞ்சினும் 100 பங்கு திறன் தருகிறது என்று வைத்துக் கொள்வோம். மட்டமாகப் பறக்க மட்டும் 70 பங்கு தேவை. மீதியுள்ள 130 பங்குதான் விமானத்தை மேலே ஏற்றுகிறது. ஒரு எஞ்சின் நின்றால் மிஞ்சுவது 30 பங்கு மட்டுமே. திறனில் பாதிதான் போயிற்று. ஆனால் மேலேறும் வலிமையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது!

நின்றுபோன எஞ்சினின் விசிறியும் சும்மா இராது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஓர் அட்டையைக் காற்றுக்கு எதிரே முகம் காட்டிப் பிடித்துப் பாருங்கள்; கையைப் பின்னுக்குத் தள்ளும். விளிம்பைக் காட்டிப் பிடித்தால் எளிதில் நிற்கும். விசிறியின் தகடுகளையும் அவ்வாறே விளிம்பு காட்டும்படித் திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால், வடத்தை விட்டவர்கள் தேரைப் பின்பக்கமாக இழுக்கத் தொடங்கியது போல் ஆகும்.

ஆகவே இரண்டாவது எஞ்சின் தானாகவே பாதுகாப்பைத் தந்துவிடாது. முதல் எஞ்சின் நிற்கும் அந்த நிமிடத்துக்காக விமானம் முழுவதையும் வடிவமைத்தால்தான் அது பாதுகாப்பு.

சரஸ் உருவான விதம்

பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் 1959-இல் தோன்றிய அரசு நிறுவனம். சிற்றூர்களை இணைக்க ஒரு சிறிய விமானம் வேண்டும் என்ற எண்ணம் 1980-களின் நடுப்பகுதியில் அங்கே எழுந்தது. 9 முதல் 14 பேர் வரை செல்லக்கூடிய விமானத்துக்கு நாட்டில் தேவை உண்டு என்று ஆய்வு கூறியது. 1991-இல் ரஷ்யாவின் மியாசிஷெவ் நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது. பணமுடை காரணமாக விரைவிலேயே விலகிக் கொண்டது. 1998-இல் பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா விதித்த தடைகளும் இடையூறாயின. 1999 செப்டம்பரில்தான் திட்டத்துக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது.

வடிவமைப்பாளர்கள் வழக்கமான பாதையை விட்டு விலகினார்கள். டோர்னியரில் எஞ்சின்கள் இறக்கையின் முன்பக்கம் இருந்து இழுக்கின்றன. சரஸில் அவை உடலின் பின்பகுதியில், இரு பக்கமும் நீட்டிய குட்டைத் தாங்கிகளில் அமர்ந்து, பின்னாலிருந்து தள்ளுகின்றன. இத்தாலியின் பியாஜியோ அவந்தி விமானத்திலும் தள்ளும் விசிறிகள் உண்டு. அது 1986-இல் பறந்தது.

இதனால் என்ன லாபம்? விசிறியின் இரைச்சல் பயணிகளுக்குப் பின்னால் தங்கிவிடும். இறக்கையின்மீது காற்று தடையின்றிப் பாயும். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின்கள் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஒன்று நின்றாலும் விமானம் பக்கவாட்டில் திரும்பும் போக்கு குறையும். தேரின் இரு வடங்களையும் நெருக்கிக் கட்டியது போல! நட்டமும் உண்டு. பாரம் பின்னால் சேர்ந்து சமநிலையைக் காப்பது கடினமாகிறது. இறக்கையும் தாங்கியும் கலைத்துவிட்ட காற்றிலேயே விசிறிகள் சுழல வேண்டியிருக்கிறது.

எடை என்னும் எதிரி

சரஸின் முதல் மாதிரி 2004 மே 29 அன்று பெங்களூரில் பறந்தது. கனடாவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பி.டி.6 வகை டர்போபிராப் எஞ்சின்கள் அதை இயக்கின. ஒவ்வொன்றும் 850 குதிரைத்திறன். ஆனால் விமானம் திட்டமிட்டதைவிட ஏறத்தாழ 900 கிலோ கூடுதலாகக் கனத்தது. அதாவது, பன்னிரண்டு பயணிகளின் எடையை அது காலியாக இருக்கும்போதே சுமந்தது!

முன்பு போட்ட கணக்கை இங்கே நினைவுகூருங்கள். எடை கூடினால் மட்டமாகப் பறக்கவே 70 பங்குக்கு மேல் வேண்டும். ஒற்றை எஞ்சினில் மிஞ்சும் 30 பங்கு மேலும் சுருங்கிவிடும். எனவே 2007 ஏப்ரல் 18 அன்று பறந்த இரண்டாவது மாதிரியில் 1,200 குதிரைத்திறன் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன.

2009 மார்ச் 6

அன்று அந்த இரண்டாவது மாதிரி ஒரு சோதனைக்காகப் புறப்பட்டது. பறக்கும்போதே ஒரு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி இயக்கிப் பார்ப்பது நோக்கம். விமானம் திரும்பவில்லை. பெங்களூருக்கு அருகே பிடதிப் பகுதியில் விழுந்து எரிந்தது. விங் கமாண்டர்கள் பிரவீண் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் உயிரிழந்தனர்.

விசாரணை என்ன கண்டது? நின்ற எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கு வடிவமைப்பாளர்கள் வகுத்த வழிமுறை தவறானது. போதிய உயரமில்லாத நிலையில் அது கையாளப்பட்டது. விமானம் வேகமாக உயரத்தை இழந்து கட்டுப்பாடின்றி நடந்துகொண்டது. முதல் முயற்சி தோற்றவுடன் சோதனையைக் கைவிடாததும் துணைக்காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. உந்துவிசிறியைச் செய்த நிறுவனத்தைக் கலந்தாலோசிக்காமலே அந்த வழிமுறை வகுக்கப்பட்டதும் மற்றொன்று.

இந்தக் கடைசிக் குறிப்பைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். எஞ்சின் ஒரு நாட்டில், விசிறி இன்னொரு நாட்டில், உடல் மூன்றாவது நாட்டில் செய்யப்படலாம். வானில் அவை மூன்றும் ஒரே பொருள். விசிறியின் தகடுகள் எந்தக் கணத்தில் எந்தக் கோணத்துக்குத் திரும்புகின்றன என்பது எஞ்சினைத் தொடக்குபவருக்கும், சுக்கானைப் பிடித்திருப்பவருக்கும் உயிர்ப் பிரச்சினை.

மீண்டும் வானில்

விபத்துக்குப் பின் திட்டம் ஏறக்குறைய நின்றே போயிற்று. பின்னர் முதல் மாதிரியையே எடுத்துத் திருத்தியமைத்தார்கள். 2018 ஜனவரி 24 அன்று அது பெங்களூரில் சுமார் 40 நிமிடங்கள் பறந்து பத்திரமாகத் தரையிறங்கியது. அதைத் தொடர்ந்து 19 பேர் செல்லக்கூடிய ‘மார்க்-2’ விமானத்தை உருவாக்கும் பணி தொடங்கியது.

அடையாற்றில் ஐ.ஐ.டி.யிலும், குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி.யிலும் விமானப் பொறியியல் பயிலும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாளை அவர்களுள் சிலர் இத்தகைய விமானங்களை வடிவமைக்கக்கூடும். இரண்டு எஞ்சின்களும் ஓடும்போது எவ்வளவு வேகம் போகும் என்பதை எல்லோருமே கேட்பார்கள். ஒன்று மட்டும் ஓடும்போது என்ன ஆகும் என்பதை, வரைபலகையில் முதல் கோடு இழுக்கும்போதே அவர்கள் கேட்டுக் கொள்ளட்டும். அந்த மூவர் உயிரைக் கொடுத்துக் கற்றுத் தந்த பாடம் அதுவே.