கடலூர்க் கரையில் நின்று படிக்க வேண்டிய போர்கள்

1783 ஜூன் 20. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் கடலூருக்கு எதிரே, கடலில் 33 போர்க்கப்பல்கள் இரண்டு வரிசையாக நின்று ஒன்றையொன்று சுட ஆரம்பித்தன. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனிடம் 15 கப்பல்கள், ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹியூஸிடம் 18. மூன்று மணி நேரச் சண்டையில் இரு தரப்பிலும் சுமார் நூறு நூறு பேர் செத்தார்கள். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. ஆனாலும் ஹியூஸ் தன் கப்பல்களோடு சென்னைக்குத் திரும்பினார். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை கரையில் தனியாக மாட்டிக்கொண்டது.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பிரிட்டனும் பிரான்சும் அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் தேதியே பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன. அந்தச் செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில்.

பண்ருட்டியில் வரலாறு சொல்லிக்கொடுத்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, ஆர்வமுள்ள பிள்ளைகள் வீடு தேடி வந்து, "சார், கடற்போர் பத்தி நல்ல புத்தகமா ரெண்டு சொல்லுங்க" என்று கேட்பார்கள். டிரஃபால்கரிலோ மிட்வேயிலோ தொடங்கத்தான் அவர்களுக்கு ஆசை. நெல்லிக்குப்பம் வழியாகப் போனால் பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற கடலூரில் தொடங்கு என்பேன் நான். சண்டை நடந்த கடல், காற்று, ஆறு எல்லாவற்றையும் நேரில் பார்த்துக்கொண்டே படிக்கிற வாய்ப்பு எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்காது.

முதலில் கையில் கொடுப்பது மஹான். அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஆல்ஃபிரட் தேயர் மஹான், கடல் வலிமை வரலாற்றை எப்படித் தீர்மானித்தது என்று 1890இல் எழுதிய நூல். வல்லரசுகளின் கடற்படைகளெல்லாம் பாடமாகப் படித்த அந்தப் புத்தகத்தில், நம் பக்கத்துக் கடலில் சுஃப்ரனும் ஹியூஸும் மோதியதற்கென்றே ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கிறது. 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை, மறு ஆண்டு ஜூனில் கடலூர் என்று ஐந்து சண்டைகள். ஐந்திலும் எந்தத் தரப்பும் ஒரு போர்க்கப்பலைக்கூடக் கைப்பற்றவில்லை. மேலோட்டமாகப் படிப்பவர் இதைச் சமன் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். மஹான் அப்படி விடவில்லை. சுஃப்ரன் திருகோணமலையை ஏன் அவ்வளவு அவசரமாகப் பிடித்தார் என்ற இடத்தில் நின்று விளக்குகிறார்.

காரணம் நம் கரைதான். சென்னையிலிருந்து நாகை வரை அன்றைக்குப் பெரிய கப்பல் ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் அங்கே நிற்பது உயிருக்கு ஆபத்து. சித்திரையிலும் புயல் விடாது. 1749 ஏப்ரலில் அட்மிரல் பாஸ்கவனின் 'நாமூர்' என்ற 74 பீரங்கிக் கப்பல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக்கு அருகே புயலில் சிக்கி ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. அட்மிரல் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். 1783 கடலூர்க் கடற்சண்டையில்கூட இத்தனை பேர் ஒரே நாளில் சாகவில்லை.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இருந்தது மசூலாப் படகு. ஆணியே அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியது. ஆணியடித்த ஐரோப்பியப் படகு அலை உடைகிற இடத்தில் தரை தட்டினால் பிளந்துபோகும். இது சேலை மடிவதைப் போல வளைந்து கொடுத்துக் கரையேறிவிடும். கரைக்கும் கப்பலுக்கும் ஆள் மாற்றுவது எவ்வளவு முக்கியம் என்று 1783 காட்டுகிறது. சுஃப்ரனிடம் அப்போது பீரங்கி இயக்க ஆள் போதவில்லை. சண்டைக்கு முன்பு கடலூர்க் கோட்டையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். சண்டை முடிந்ததும் அவர்களோடு கப்பல் வீரர்களையும் சேர்த்துக் கரையில் இறக்கினார். அந்தப் பக்கம் ஹியூஸின் மாலுமிகளைச் சொறிகரப்பான் வாட்டிக்கொண்டிருந்தது, குடிதண்ணீரும் தட்டுப்பாடு. பீரங்கி எண்ணிக்கையில் முந்தியிருந்தவர் ஊர் திரும்ப, குறைந்தவர் கடலூருக்கு முன்னால் வந்து நங்கூரம் போட்டதற்கு இவையெல்லாம் காரணம்.

காற்றின் கதையை 1758இலும் பார்க்கலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று ஆங்கிலேயரான போக்காக்கும் பிரெஞ்சுக்காரரான தாஷேயும் இதே கரையை ஒட்டி மோதினார்கள். அங்கேயும் வெற்றி தோல்வி இல்லை. பிறகு தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் காப்பாற்றத் தெற்கே வர முயன்ற போக்காக்குக்குக் காற்று எதிராக நின்றது. ஜூன் 2 அன்று அந்தச் செயின்ட் டேவிட் கோட்டை பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் சரணடைந்தது. 1746இல் சென்னையை இழந்த பிறகு ஆங்கிலேயர் இந்தக் கரையில் தலைமையிடமாக வைத்திருந்த கோட்டை அது. லாலி அதை இடித்துத் தள்ளினார்.

அந்தக் கோட்டையை 1690இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது எல்லை அளந்த விதம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரைக்கும் உள்ள ஊர்களெல்லாம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு என்று ஒப்பந்தம். கடலூரில் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் இன்றும் புழங்குகின்றன. அங்கே நின்று கோட்டை இருந்த திசையைப் பார்த்தால், அந்தக் காலத்துப் பீரங்கி எவ்வளவு தூரம் எட்டியது என்று கண்ணாலேயே அளக்கலாம்.

இரண்டாவது புத்தகம் ராபர்ட் ஆர்ம். கும்பினிப் படைகளின் போர்களை 1763 முதல் பல பாகங்களாக எழுதியவர். அதில் அடிக்கடி வருகிற 'திரிவாடி' நம் திருவதிகைதான். கெடிலக்கரையில் அப்பர் சூலை நோய் தீர்ந்து பாடிய வீரட்டானேசுவரர் கோயில், ஆர்மின் பக்கங்களில் படைகள் பிடித்தும் இழந்தும் மாறி மாறித் தங்குகிற கோட்டையாக வருகிறது. 1750இல் நவாப் முகமது அலியின் படையைப் பிரெஞ்சுக்காரர்கள் இங்கேதான் சிதறடித்தார்கள். அடுத்த சில நாட்களில் செஞ்சிக் கோட்டையை இரவோடிரவாகப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, 33 ஆண்டுகள் கழித்து வயதாகி, உடல் தளர்ந்து, கடலூர் முற்றுகைக்குள் சுஃப்ரனின் பாய்மரங்களுக்காகக் காத்திருந்தார். தரைப்போரையும் கடற்போரையும் தனித்தனியாகப் படித்தால் இந்த மனிதர் முழுதாகக் கிடைக்க மாட்டார்.

மஹானிலும் ஆர்மிலும் படகு தள்ளியவனின் பேச்சு கேட்காது. அதற்காகவே ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பை மூன்றாவதாகச் சொல்கிறேன். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) அவர், 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள், நெல் என்ன விலை, யார் ஊரை விட்டு ஓடினார்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. போர் என்பது ஊருக்கு என்ன செய்தது என்பதை நம் மொழியில், நடந்த காலத்திலேயே எழுதிவைத்த பக்கங்கள் அவை. இதைப் படிக்காமல் தமிழ்ப் பிள்ளை ஒருவன் கடற்போர் படித்தேன் என்று சொன்னால் எனக்கு மனசு ஆறாது.

'கடல் புறா' நாவலைப் படித்த வேகத்தில் சோழர் கடற்படையைக் கேட்டு வருபவர்களுக்கு நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' தருவேன். ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்புக்கு நாகப்பட்டினம் எவ்வளவு முக்கியம் என்பது, இந்தக் கரையின் குணம் புரிந்த பிறகு தானாக விளங்கும்.

படிக்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று கேள்வி: காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? தண்ணீரும் சோறும் எங்கிருந்து வந்தன? உடைந்த பாய்மரத்தை எங்கே கொண்டுபோய்ச் சரிசெய்தார்கள்? கடலூரை வைத்து இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பழகியவர், டிரஃபால்கரை எடுத்தாலும் மிட்வேயை எடுத்தாலும் தளபதிகளின் வீரத்தோடு நிற்காமல் போர் எதனால் அப்படி முடிந்தது என்பது வரைக்கும் போய்விடுவார்.