வெளியேறியதும் தங்கியதும்: வயிற்றுப்போக்கில் குழந்தைக்கு உணவூட்டல் குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

பெங்களூருக்குத் தெற்கே ஓசூரை ஒட்டியுள்ள ஆனேக்கல் வட்டம் கேழ்வரகு விளையும் நிலம். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எல்லைப்பகுதி. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்னும் வடமொழிச் சொலவடை இம்மொழிகள் பேசுவோரிடையே பரவலாக வழங்குகிறது. பட்டினியே மேலான மருந்து என்பது அதன் பொருள். வயிற்றுப்போக்கால் துவளும் குழந்தைக்கும் அவ்விதியைப் பொருத்தியவர்கள் வீட்டு முதியோர் மட்டுமல்லர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைக் குழந்தை மருத்துவமும் ‘குடலுக்கு ஓய்வு’ என்று கூறி உணவை நிறுத்தியது. ஊட்டினால் மலம் மிகுகிறது, ஆகவே ஊட்டலாகாது என்பதே இரு தரப்பாரின் தருக்கம்.

அத்தருக்கத்தின் குறையை 1948-இல் சங், விஸ்கொரோவா ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. தொடக்கத்திலேயே உணவு பெற்ற குழந்தைகளையும் பட்டினியிருந்த குழந்தைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஊட்டியதால் நோய் நீளவில்லை. உணவு கூடியபோது மலத்தின் அளவு கூடியது உண்மையே. ஆயினும் உடல் ஈர்த்துக்கொண்ட சத்தும் கூடியது. அதுவரை மருத்துவம் வெளியேறியதை அளந்தது. உள்ளே தங்கியதை அளக்கவில்லை.

எனினும் பழைய வழக்கம் எளிதில் மறையவில்லை. அதன் விலை என்ன என்பதை ஸ்கிரிம்ஷா, டெய்லர், கார்டன் ஆகியோர் 1968-இல் உலக சுகாதார நிறுவன வெளியீடாக வந்த நூலில் விரித்துரைத்தனர். தொற்று ஊட்டக்குறைவை வளர்க்கிறது. ஊட்டக்குறைவு அடுத்த தொற்றைக் கடுமையாக்குகிறது. ஏற்கெனவே மெலிந்த குழந்தையை ஒவ்வொரு வயிற்றுப்போக்கிலும் பட்டினியிடுவது அச்சுழலை முடுக்குவதாகும்.

1971-இல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரால் பல உயிர்களைக் காத்தார். ஆனால் அந்நீர் உணவாகாது. இன்று வழங்கும் கரைசலின் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸே உள்ளது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 50 கலோரி. இழந்த நீரை அது ஈடுசெய்யும். இழந்த எடையை உணவே மீட்க வேண்டும்.

எந்த உணவு என்னும் வினாவில் கஞ்சி நுழைகிறது. நீர்த்த கஞ்சியில் மாவு குறைவு; மாவைக் கூட்டினால் கஞ்சி இறுகிக் குழந்தையால் விழுங்க இயலாததாகிறது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980-களின் தொடக்கத்தில் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயறையும் கொண்டு இணையுணவு ஒன்றை வடிவமைத்தனர். முளைக்கும் தானியத்தில் பெருகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சிதைப்பதால், கஞ்சி இளகலாக இருக்கும்போதே அதில் கூடுதல் மாவைச் சேர்க்க முடிகிறது.

தாய்ப்பாலை நிறுத்தாமை, வழக்கமான உணவைத் தொடர்தல், நலமடைந்தபின் இரு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுதல் ஆகியவை இன்று ஏற்கப்பட்ட நெறிகள்.

இவ்வரலாற்றை அறிவியலுக்கும் மரபுக்குமான போராக எழுதுவது எளிது. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. பட்டினி விதி வீட்டிலும் இருந்தது, மருத்துவமனையிலும் இருந்தது. அதற்கு மாற்றான முளைகட்டிய கேழ்வரகோ இப்பகுதி அடுக்களைகள் நெடுங்காலமாக அறிந்த பண்டம். மருத்துவ வரலாறு பயில்வோர் ஒவ்வொரு காலத்தின் சிகிச்சைப் பதிவுகளிடமும் எதை அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள் என்னும் கேள்வியை முதலில் எழுப்புவது பயன்தரும்.