ஊருக்குக் கிளம்பும் முன் தேர்ந்த நிறம்

கையடக்கக் கேமராவின் கதை ஒரு ஆஸ்துமா நோயாளியின் சிரமத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் நுண்ணோக்கிகள் செய்துவந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஓஸ்கர் பார்நாக்குக்கு ஊர் சுற்றுவதிலும் படம் எடுப்பதிலும் ஆசை. ஆனால் அக்காலத்துக் கண்ணாடித் தகட்டுக் கேமராவையும் முக்காலியையும் சுமந்து மேடேறினால் மூச்சு வாங்கும். சினிமாவுக்கு ஓடும் 35 மி.மீ. ஃபிலிம் அவர் கண்ணில் பட்டது. சினிமாவில் அது மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டம் 18 × 24 மி.மீ. பார்நாக் அதைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சட்டங்களைச் சேர்த்து 24 × 36 மி.மீ. என்று ஒரே படமாக்கினார். 1914 வாக்கில் மாதிரிக் கேமரா தயாராக இருந்தும், முதல் உலகப் போரும் அதன் பின் வந்த பணவீக்கமும் அதை விற்பனைக்கு வரவிடவில்லை. 1925இல் லைப்ஸிக் சந்தையில்தான் அது ‘லைகா’ என்ற பெயரில் உலகத்தைப் பார்த்தது.

எளிய கேமரா என்ற எண்ணம் அதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் விற்ற கோடாக் பெட்டியில் 100 படம் எடுக்கலாம். முடிந்ததும் பெட்டியையே ராசெஸ்டரில் இருந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். 1900இல் வந்த பிரௌனியின் விலை ஒரு டாலர். ஆனால் அவை வெயிலில் ஆட்களை நிறுத்தி எடுப்பதற்கானவை. லைகாதான் நடந்துகொண்டே எடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது. 1932இல் லைகா வாங்கிய பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், அதன் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு, பார்ப்பவர் கண்ணை உறுத்தாமல் தெருத்தெருவாகத் திரிந்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவரும் அவர்தான். நோயாளி ஒருவரைச் சுற்றிக் கூடியிருந்த அந்த ஆசிரமத்தில் பெரிய தகட்டுக் கேமராவை விரித்து வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கேமரா சிறுத்ததும், படத்தின் குணத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு உள்ளே போடும் ரோலுக்குப் போனது. தகட்டுக் கேமராவில் ஒவ்வொரு தகடும் தனித்தனி. வேண்டிய வகையைப் படத்துக்குப் படம் மாற்றிக்கொள்ளலாம். 36 படமுள்ள ரோலை ஒருமுறை போட்டுவிட்டால், பாதியில் கழற்றினாலொழிய, முப்பத்தாறும் ஒரே வேகம், ஒரே நிறம், ஒரே துகள். பயணத்தின் நிறம் கடை மேசையிலேயே முடிவானது.

அந்த முடிவைப் பெரிய விஷயமாக்கியது கோடாக்ரோம். லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் காடோவ்ஸ்கி என்ற இரண்டு இசைக் கலைஞர்கள் கோடாக் ஆய்வகத்தில் உருவாக்கிய இந்த வண்ண ஃபிலிம் 1935இல் சினிமாவுக்கும், 1936இல் 35 மி.மீ. கேமராக்களுக்கும் வந்தது. இதன் அமைப்பு விசித்திரமானது. மூன்று வண்ணங்களைப் பதியும் அடுக்குகள் இருந்தாலும், உள்ளபடிக்கு அது கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான். சாயம் முழுவதும் கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டது. அதனால் தெருமுனை ஸ்டூடியோவில் கழுவ முடியாது. குறிப்பிட்ட சில கூடங்களுக்குத் தபாலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஒளியுணர்வு வேகம் தொடக்கத்தில் 10 அளவில்தான் இருந்தது; வெயில் மங்கினால் கை நடுங்காமல் எடுப்பது கடினம். இத்தனைக்கும் பிறகு கிடைத்தது பல பத்தாண்டுகள் மங்காத ஸ்லைடு. 1938இலிருந்து ‘நேஷனல் ஜியாகிராஃபிக்’ இதழ் இதில் எடுத்த படங்களை அச்சிட்டது. தொலைதூர ஊர் என்றால் ஆழ்ந்த சிவப்பு, அடர்ந்த நிழல், சற்றே அடங்கிய நீலம் என்ற மனப்பதிவு பல தலைமுறை வாசகர்களுக்கு உருவானதில் அந்தந்த ஊரின் வெளிச்சத்துக்கு இணையான பங்கு இந்த ஃபிலிமுக்கும் உண்டு.

ஸ்லைடு ஃபிலிம் மன்னிக்காது. வெளிச்ச அளவில் அரைப் படி தவறினாலும் வானம் வெளுத்துவிடும், அல்லது முகம் இருண்டுவிடும். நெகட்டிவ் அப்படியல்ல, பிரிண்ட் போடுபவர் ஓரளவு சரிசெய்து கொடுப்பார். பொழுதுபோக்குக்கு எடுத்தவர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் போட்டதற்கு ஒரு காரணம் இது; இதழ்களுக்கு எடுத்தவர்கள் ஸ்லைடு போட்டார்கள். 1990இல் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் வெல்வியா என்ற ஸ்லைடு ஃபிலிமைக் கொண்டுவந்தது. வேகம் 50. பச்சையும் சிவப்பும் கண்ணால் பார்த்ததைவிடத் தூக்கலாக வந்தன. மலை, காடு, அந்திவானம் எடுப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். முகத்தைச் சிவக்கவைத்துவிடும் என்பதால் ஆட்களை எடுப்பவர்கள் அதைத் தொடவில்லை. இந்தியாவுக்கும் சொந்த ஃபிலிம் இருந்தது; அதைச் செய்த அரசு ஆலை ஊட்டியில் இருந்தது. 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1967இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல்களை விற்றது.

இதற்கிடையே கேமராவும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1959இல் ஒலிம்பஸ் நிறுவனத்துக்காக யோஷிஹிசா மைதானி வடிவமைத்த ‘பென்’, பார்நாக் சேர்த்த இரண்டு சட்டங்களை மறுபடியும் பிரித்தது. படம் 18 × 24 மி.மீ.; 36 ரோலில் 72 படம். பேனாவைப் போலக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் பெயரின் பொருள். ஃபிலிம் செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்த அன்றைய ஜப்பானியக் குடும்பங்களுக்கு அது பொருந்தியது. 1966இல் வந்த ரோலை 35, முழு 24 × 36 படத்தையே உள்ளங்கையில் அடங்கும் பெட்டியில் தந்தது. 1977இல் கோனிகா தானே குவியம் பார்க்கும் கேமராவை விற்றது; 1986இல் ஃபூஜி, ஒரு ரோல் முடிந்ததும் அப்படியே கடையில் கொடுத்துவிடும் ‘குவிக்ஸ்நாப்’பைக் கொண்டுவந்தது. 1990இன் கான்டாக்ஸ் டி2, 1996இன் ரிகோ ஜிஆர்1 ஆகியவை சட்டைப்பைக் கேமராவுக்கும் உயர்தர லென்ஸ் உண்டு என்று காட்டின. அதற்குள் டிஜிட்டல் வாசலில் நின்றது.

கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா சுமார் 3.6 கிலோ எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்தது. 1995இல் காசியோ கியூவி-10 பின்பக்கத் திரையோடு வந்தது. எடுத்த படத்தை அங்கேயே பார்க்கலாம் என்ற வசதியைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. சென்சார் பதிவது வெளிச்ச அளவுகளை மட்டுமே. அவற்றுக்கு நிறம் கொடுப்பது கணக்கு. அந்தக் கணக்கைக் கேமராவே செய்து முடித்தால் ஜேபெக் கோப்பு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அளவுகளை அப்படியே வைத்தால் ரா கோப்பு. அக்கறையுள்ளவர்கள் ராவில் எடுத்தார்கள். கடை மேசையில் நடந்த தேர்வு, ஊர் திரும்பியபின் கணினி முன் நடக்கும் வேலையாக மாறியது. ஆயிரக்கணக்கான கோப்புகள், வாரக்கணக்கில் உட்காரல். பயணத்தைவிட அதன் பாக்கி நீண்டது.

2010இன் கடைசி மாதங்களில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100 என்ற கேமராவை அறிவித்தது. அக்டோபரில், செல்பேசிப் படங்களுக்குப் பழைய ஃபிலிம் சாயல் பூசும் இன்ஸ்டாகிராம் வெளியானது. டிசம்பர் 30ஆம் தேதி, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த கடைசிக் கூடம் கழுவுவதற்குக் கோடாக்ரோம் வாங்குவதை நிறுத்தியது.

எக்ஸ்100 பார்வைக்குப் பழைய லைகா வகைக் கேமரா: கழற்ற முடியாத ஒரே லென்ஸ், விரலால் திருப்பும் வட்டுகள், கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல். 2011 மார்ச்சில் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தால், மியாகி மாகாணத்தில் இருந்த ஆலையில் உற்பத்தி நின்றுபோய்ப் பிறகு தொடங்கியது. பழைய ஃபிலிம்களின் பெயரில் அமைந்த நிறத் தேர்வுகளும் அதில் இருந்தன: ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா. இவை ஃபூஜி தானே விற்ற ஃபிலிம்கள். எந்த நிறத்தை எவ்வளவு சாய்ப்பது, நிழலை எங்கே அடக்குவது என்பதெல்லாம் சாய வேதியியலில் அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் கற்ற பாடம். அதையே கணக்காக மாற்றியது. 2014இல் வந்த ‘கிளாசிக் குரோம்’ எந்த ஃபிலிமின் பெயரையும் தாங்கவில்லை. அடங்கிய நீலமும் கனத்த நிழலும் கோடாக்ரோமை நினைவூட்டுகின்றன என்று பயன்படுத்துவோர் உடனே சொன்னார்கள். போட்டி நிறுவனத்தின் பெயரைப் பட்டியலில் போட முடியாது அல்லவா! 2016இல் அக்ரோஸ் என்ற கறுப்பு வெள்ளையும், 2019இல் சூப்பீரியா நெகட்டிவைப் பின்பற்றிய ‘கிளாசிக் நெகட்டிவ்’வும் சேர்ந்தன.

இவற்றை அடித்தளமாக வைத்து, நிழல், வெளிச்சம், நிறச்செறிவு, துகள் ஆகியவற்றைக் கூட்டிக் குறைத்து ஒரு தொகுப்பாகச் சேமிப்பதைப் பயனர்கள் ‘ரெசிபி’ என்கிறார்கள். ஒயிட் பேலன்ஸையே சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் ஒன்பது படி வரை நகர்த்தலாம். வெயில் காய்ந்த பழைய பிரிண்டின் மஞ்சள் சாயல் பெரும்பாலும் இந்த நகர்த்தலில் கிடைப்பது. நெகட்டிவின் இன்னொரு குணமான, வெளிச்சம் மெல்லக் கரையும் தன்மையைக் கொண்டுவர வேறு வழி. கேமரா வேண்டுமென்றே இருட்டாக எடுத்து வானத்தைக் காப்பாற்றிவிட்டு, நிழலை மட்டும் தூக்கும். அதன் உச்ச அளவில் ஒளியுணர்வைக் குறைந்தபட்ச நிலையிலிருந்து நான்கு மடங்கு உயர்த்தியாக வேண்டும். அப்படியும் நகல் நகல்தான். அசல் ஃபிலிம் தொகுதிக்குத் தொகுதி, கழுவும் கூடத்துக்குக் கூடம் மாறிய பொருள். கணக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தரும்.

ஆனாலும் பயணியின் பழைய வழக்கம் இதனால் திரும்பியது. கடலோரத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, இரவுக் கடைவீதிக்கு ஒன்று என்று கிளம்பும் முன்பே ரெசிபிகளை ஏற்றிக்கொண்டு, ஜேபெக்கில் எடுத்து, அன்றிரவே படத்தைக் கைமாற்றலாம்; ஊர் திரும்பிக் கணினி முன் உட்காரும் வேலை இல்லை. செல்பேசி சிறு கேமராக்களை ஏறக்குறைய அழித்த காலத்தில் இது நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானிய நிறுவனங்கள் 2010இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்களை அனுப்பின. 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதே 2020இல் வந்த எக்ஸ்100வி, சமூக ஊடகக் காணொளிகளில் புகழ்பெற்று, 2022 வாக்கில் கடைகளில் கிடைக்காமல் பழைய கேமராவே புதியதன் விலைக்கு மேல் விற்றது.

2025இல் ஃபூஜிஃபிலிம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘எக்ஸ் ஹாஃப்’ 240 கிராம் எடையுள்ள கேமரா. பென்னைப் போல நிமிர்ந்த அரைச்சட்டப் படம் எடுக்கும். ரா கோப்பே கிடையாது. அதில் ஒரு ‘ஃபிலிம் கேமரா’ முறை உண்டு. 36, 54, 72 என்று எண்ணிக்கையைத் தேர்ந்துவிட்டால் அது முடியும்வரை நிறத்தை மாற்ற முடியாது. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கவும் முடியாது. எண்ணிக்கை முடிந்தபின் செல்பேசிச் செயலியில் ‘கழுவினால்’தான் படங்கள் கண்ணுக்குத் தெரியும்.