குனிந்தவர்கள் முந்திய கதை

100 மீட்டர் இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. எட்டுப் பேர் கோட்டுக்குப் பின்னால் மண்டியிடுகிறார்கள். விரல்களைத் தரையில் ஊன்றி, பாதங்களைச் சாய்வான இரண்டு கட்டைகளில் பதிக்கிறார்கள். ‘செட்’ என்ற குரல் கேட்டதும் இடுப்பை உயர்த்தி அப்படியே உறைந்துபோகிறார்கள். உலகிலேயே வேகமாக ஓடப்போகிறவர் எதற்காக முதலில் நாலு காலில் நிற்க வேண்டும்? இந்தக் கோலத்துக்கு வந்துசேர மனிதர்களுக்கு இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. வழியில் போர்க்களத்து எந்திரம் ஒன்றும், பில்லியர்ட்ஸ் பற்றி எழுதிவந்த ஒருவரும், பந்தயக் குதிரைகள் வளர்த்த ஒரு தொழிலதிபரும் குறுக்கிடுகிறார்கள்.

கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் பண்டைய ஓட்ட மைதானத்தை இன்றும் பார்க்கலாம். முதல் ஒலிம்பிக் கி.மு. 776இல் நடந்தது என்பது மரபு. அதில் இருந்தது ஒரே போட்டி: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, சுமார் 192 மீட்டர். வென்றவர் கொரோய்போஸ் என்ற சமையல்காரர். பின்னாளில் தொடக்க இடத்தில் குறுக்காகக் கற்பலகைகளைப் பதித்து, அவற்றில் இணையாக இரண்டு பள்ளங்களை வெட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. வீரர் வெறுங்காலோடு முன் பள்ளத்தில் ஒரு காலின் விரல்களையும் பின் பள்ளத்தில் மறுகாலின் விரல்களையும் கவ்வக் கொடுத்து, கைகளை முன்னே நீட்டி நிற்பார். குனிவது கிடையாது. கட்டளைக்கு முன்னால் கிளம்பினால் பிரம்படி விழும். ஹெரோடோட்டஸின் வரலாற்றிலேயே இதைப் பற்றிய பேச்சு வருகிறது.

அடித்தும் அடங்காதபோது எந்திரம் வந்தது. கொரிந்துக்கு அருகே இஸ்த்மியாவில் முக்கோண வடிவக் கல்தளம் ஒன்றை அகழ்ந்தெடுத்தார்கள். பதினாறு ஓட்டக்காரர்களுக்குப் பதினாறு தடுப்புகள். எல்லாத் தடுப்புகளின் கயிறுகளும் ஒரு குழிக்கு வந்து சேரும். நடுவர் அந்தக் குழிக்குள் நின்று கயிறுகளைத் தளர்த்துவார். நெமியாவில் இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு. முறுக்கேற்றிய கயிறுகளின் விசையில் தடுப்பு படாரென்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தரையில் விழும். கோட்டைகளின்மேல் கல்லெறிந்த போர் எந்திரங்களிலும் இதே முறுக்கு விசைதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்டீபன் மில்லர் நெமியாவை அகழ்ந்ததோடு நிற்காமல், 1993இல் அந்தத் தடுப்பை மறுபடி செய்து இயக்கியும் காட்டினார். பெர்க்லி இந்தக் கதையில் மீண்டும் வரும்.

பண்டைய போட்டிகள் நின்றுபோன பிறகு இந்த நுட்பமெல்லாம் மண்ணுக்குள் போனது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஓட்டம் திரும்பத் தலையெடுத்தபோது அது பணம் கட்டி ஆடும் பந்தயமாக இருந்தது. ஷெஃபீல்டு, எடின்பரோ போன்ற ஊர்களில் ஓட்டக்காரர்கள்மீது பெரும் தொகைகள் புரண்டன. இரண்டு பேர் மோதும் பந்தயங்களில் இருவரும் சம்மதிக்கும்போது கிளம்புவது ஒரு வழக்கம். காசு கட்டிய பந்தயத்தில் சம்மதம் சுலபத்தில் வருமா? கடைசியில் தொடக்கத்தை அறிவிக்கும் துப்பாக்கிதான் தகராறைத் தீர்த்தது. ஆனாலும் நின்றபடியேதான் எல்லாரும் கிளம்பினார்கள்.

முதலில் குனிந்தவர் யார் என்பதில் இன்றும் வழக்கு உண்டு. மாவோரி வழிவந்த பாபி மெக்டொனால்ட் என்ற ஓட்டக்காரர் 1880களில் ஸ்காட்லாந்தில் குளிர்காற்றுக்கு ஒடுங்கி உட்கார்ந்தார், அப்படியே கிளம்பியது வசதியாக இருந்தது என்று அந்நாட்டில் ஒரு பேச்சு உண்டு. புகைப்படச் சான்றோடு இருப்பவர் சார்லஸ் ஷெரில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர். 1888இல் லாங் ஐலண்டில் நடந்த போட்டியில் எடுத்த படம் அது. மற்றவர்கள் நிமிர்ந்து நிற்க, அவர் மட்டும் கைகளைத் தரையில் ஊன்றியிருக்கிறார். தொடங்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் போலும் என்று நடுவர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார் என்று சொல்வார்கள். இதைக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் மைக் மர்ஃபி பின்னால் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கே பயிற்சியாளரானார். ஷெரிலோ தூதராகி, துருக்கி வரை போனார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1896இல் ஏதென்ஸ் நகரின் பளிங்கு மைதானத்தில் நவீன ஒலிம்பிக்கின் முதல் 100 மீட்டர் இறுதி. அந்தப் போட்டியின் புகைப்படத்தில் ஐந்து பேரும் ஐந்து விதமாக நிற்கிறார்கள். முறையாகக் குனிந்திருப்பவர் பாஸ்டனின் டாம் பர்க் ஒருவரே. 12 விநாடியில் வென்றார். தோற்றவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கூடவே எடுத்துப்போனது பர்க்கின் கோலத்தைத்தான் என்று நினைக்கிறேன். அடுத்த தலைமுறையில் நின்று கிளம்பும் குறுந்தூர ஓட்டக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குனிந்து கிளம்பினால் என்ன லாபம்? நிமிர்ந்து நிற்பவர் தரையைப் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் மிதிக்க முடியும். குனிந்தவரின் உடல் முன்னால் சரிந்திருப்பதால் கால்கள் தரையைப் பின்னோக்கி உதைக்கின்றன. உதைத்த விசை ஆளை முன்னே தள்ளுகிறது. ஆனால் உதைக்க ஒரு பிடிமானம் வேண்டும். ஓடுதளமோ நிலக்கரிச் சாம்பலைப் பரப்பி இறுக்கியது; சறுக்கும். ஆகவே ஓட்டக்காரர்கள் தோண்டத் தொடங்கினார்கள். கொத்தனாரின் கரணை போன்ற சிறு கருவியோடு கோட்டுக்கு வந்து, தங்கள் கால் அளவுக்கு இரண்டு குழிகள் தோண்டிக்கொள்வார்கள். முந்தைய சுற்றில் ஓடியவர் அதே இடத்தைக் கிண்டி வைத்திருந்தால், புதிய குழியின் சுவர் சரியும். ஒலிம்பிக் பதக்கம் அந்தச் சுவரின் உறுதியை நம்பியிருந்த காலம் அது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை வென்ற ஹெரால்ட் ஆப்ரஹாம்ஸ் ஒரு நூலையும் கொண்டுவருவார். தன் முதல் அடியின் நீளம் அந்த நூல். அதை வைத்து அளந்து, அடி விழவேண்டிய இடத்தில் சாம்பலில் ஒரு கீறல் போடுவார். குழியில் கால் வைத்துக் குனிந்ததும் அந்தக் கீறலையே கண் கொட்டாமல் பார்ப்பார். துப்பாக்கி வெடித்ததும் கால் அங்கே போய் விழ வேண்டும். அவருடைய பயிற்சியாளர் சாம் முசாபினி பில்லியர்ட்ஸ் பற்றிப் பத்திரிகையில் எழுதிவந்தவர். ஓட்டத்தையும் அதே கண்ணோடு பார்த்தார்: கோணம், தூரம், உந்துதல். ஓட்டக்காரர்களைப் படமெடுத்து அடி அடியாக ஆராய்ந்தார். காசு வாங்கிப் பயிற்சி தருபவரை அமெச்சூர் உலகம் அண்டவிடாத நாட்கள் அவை. தன் மாணவர் வென்றதை மைதானத்துக்கு வெளியே அறையில் இருந்தபடி, தேசிய கீதம் ஒலித்ததைக் கேட்டுத்தான் முசாபினி தெரிந்துகொண்டார். வேகத்தைப் பயிற்சியால் வளர்க்கலாம், பிறவியோடு அது முடிவதில்லை என்று நிரூபித்த மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

குழிகளுக்கு முடிவு கட்டியவர் அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜார்ஜ் பிரெஸ்னகன். கால் வைக்கச் சாய்வான இரண்டு கட்டைகள் கொண்ட, ‘பிளாக்’ என்று இன்று சொல்லும் கருவிக்கு 1929இல் காப்புரிமை பெற்றார். அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவில் சார்லி பூத்தும் அவருடைய தந்தையும் மரக்கட்டைகளால் இப்படியே ஒன்றைச் செய்ததாக அந்த நாட்டவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர்களுக்குக் குழிகளால் வந்த தலைவலியைத் தீர்ப்பதுதான் அவர்கள் நோக்கமாம். பூத் 104 வயதுவரை வாழ்ந்து, தன் கட்டைகள் உலகமெல்லாம் பரவியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1929 ஜூனில் சிகாகோவில் ஒஹாயோ மாணவர் ஜார்ஜ் சிம்ப்சன் பிளாக்கில் கால் வைத்துக் கிளம்பி, 100 கஜத்தை 9.4 விநாடியில் கடந்தார். அதுவரை யாரும் பெறாத நேரம். பிளாக் பயன்படுத்தினார் என்பதற்காகவே உலக சாதனைப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க மறுத்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிராங்க் வைகாஃப் குழி தோண்டி அதே 9.4 ஓடினார், அவருக்குச் சாதனை கிடைத்தது. 1936 பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸும் கரணையோடுதான் கோட்டுக்கு வந்தார். சர்வதேச விதிகள் பிளாக்கை அனுமதித்தது அதற்கு அடுத்த ஆண்டு. போர் வந்து இரண்டு ஒலிம்பிக்குகளை விழுங்கியதால், 1948 லண்டனில்தான் ஒலிம்பிக் மேடையில் பிளாக் ஏறியது. இன்று 400 மீட்டர் வரையிலான சர்வதேசப் போட்டிகளில் பிளாக் இல்லாமல் கிளம்பவே கூடாது. சிம்ப்சனின் சாதனையைப் பறித்த பொருள் கட்டாயமாகிவிட்டது.

பிளாக் வந்ததும் புதுக் கேள்வி. இரண்டு கட்டைகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? நெருக்கி வைத்தால் சீக்கிரம் வெளியே பாயலாம் என்று பலர் அப்படியே செய்தார்கள். ஒருவர் வென்றால் அவர் வைத்த அளவை மறுநாளே எல்லாரும் காப்பியடிப்பார்கள். 1952இல் பெர்க்லியின் ஃபிராங்க்ளின் ஹென்றி கட்டைகளில் விசைமானிகளைப் பொருத்தி இதைச் சோதித்தார். 11 அங்குல இடைவெளியில் கிளம்பியவர்கள் பிளாக்கை விட்டு மற்ற எவரையும்விட முன்னதாக வெளியேறினார்கள். ஆனால் 10 கஜம் போவதற்குள் பின்தங்கினார்கள். 16, 21 அங்குல இடைவெளியில் கிளம்பியவர்கள் சற்றுத் தாமதமாகப் புறப்பட்டும் முந்தினார்கள். கட்டையைக் கூடுதல் நேரம் தள்ளியதால் கிடைத்த வேகம் அது. முதலில் கிளம்புவது வேறு, பலமாகக் கிளம்புவது வேறு. பிரம்படி காலத்திலிருந்து எல்லாரும் முதல் விஷயத்தையே துரத்திக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதையின் திருப்பமே ஹென்றியின் விசைமானிதான்.

இதற்கிடையில் ஓடுதளமும் மாறியது. அமெரிக்காவின் 3எம் நிறுவனத் தலைவராக இருந்த வில்லியம் மெக்நைட் பந்தயக் குதிரைகள் வளர்ப்பவர். மழையிலும் குதிரைகள் சறுக்காமல் ஓட 1960களில் அந்த நிறுவனம் ஒரு செயற்கைத் தளத்தைச் செய்து, குதிரைப் பந்தயப் பாதையில்தான் முதலில் விரித்தது. ‘டார்டன்’ என்ற அந்தத் தளம் 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக் மைதானத்துக்கு வந்தது. ஜிம் ஹைன்ஸ் அதில் 9.95 விநாடியில் 100 மீட்டர் ஓடினார். கரணைக்கு இனி வேலையே இல்லை. குழி தோண்ட மண் எங்கே?

பிளாக் நகராமல் நின்றதும் அதற்குள் மின்னணுவை வைத்தார்கள். துப்பாக்கி வெடித்து 0.1 விநாடிக்குள் கட்டையில் அழுத்தம் கூடினால், ஓட்டக்காரர் ஒலியைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்று கணக்கு. 1960இல் ஜெர்மனியின் ஆர்மின் ஹாரி சூரிச்சில் 10.0 ஓடியபோது இப்படி எந்தக் கருவியும் இல்லை. சந்தேகப்பட்டு மறுபடி ஓடச் சொன்னார்கள், சுமார் அரைமணி நேரத்தில் மறுபடியும் 10.0 ஓடிக் காட்டினார்! இன்று கருவி சொல்வதே தீர்ப்பு. 2010இலிருந்து முதல் தவறுக்கே வெளியேற்றம். அடுத்த ஆண்டே டேகு உலகப் போட்டியில் உசைன் போல்ட் அதில் மாட்டினார். 2022இல் யூஜீன் உலகப் போட்டியில் தடை ஓட்டக்காரர் டெவன் ஆலன் 0.099 விநாடியில் கிளம்பினார் என்று இறுதியிலிருந்து வெளியேற்றினார்கள். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். ஃபின்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 0.1க்குள்ளும் மனிதர்களால் உண்மையாகவே கிளம்ப முடியும், எல்லையைக் குறைக்க வேண்டும் என்று 2009லேயே சொல்லியிருந்தது. ஆலனுக்கு நடந்தது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

கிளம்பும் நொடியைக் கருவிகள் காவல் காக்க, பயிற்சி முழுக்க ‘பலமாகக் கிளம்புவது’ பக்கம் போய்விட்டது. முதல் அடியில் பாதம் தரையில் சுமார் 0.2 விநாடி இருக்கிறது; உச்ச வேகத்தில் 0.1 விநாடிக்கும் குறைவு. முதலாவதற்குத் தசை வலு வேண்டும். அதற்காக இடுப்பில் பட்டை கட்டிப் பாரம் ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்து ஓடுகிறார்கள், எடை தூக்குகிறார்கள். இரண்டாவதற்குத் தரை பட்டதும் துள்ளும் விறைப்பு வேண்டும். அதற்கு ஒரு பெட்டியிலிருந்து குதித்து, தரை தொட்ட மறுகணம் மேலே எழும்பும் பயிற்சி. சோவியத் ஆய்வாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960களில் வளர்த்த முறை அது. சோவியத் வீரர்கள் இப்படித் துள்ளுவதைக் கவனித்து, ‘பிளையோமெட்ரிக்ஸ்’ என்ற பெயரோடு அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியவர் ஃபிரெட் வில்ட். ஒலிம்பிக் ஓட்டக்காரர். உத்தியோகம்? எஃப்.பி.ஐ. அதிகாரி!

பெர்லினில் 2009இல் போல்ட் 9.58 ஓடிய நாளில் அவர் கிளம்ப எடுத்தது 0.146 விநாடி, அதே ஓட்டத்தில் அவருக்கு முன்னால் கிளம்பியவர்கள் பலர். ஹென்றி சொன்னதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை. 1.95 மீட்டர் உயரக்காரர் அவர், நீண்ட கால்கள். 1.72 மீட்டர் உயரமுள்ள ஒருவர் என்ன செய்வது?

சீனாவின் சு பிங்டியன் 10 விநாடியை உடைக்க முடியாமல் நின்றவர். 2014 இறுதியில், தேர்ந்த ஓட்டக்காரர் எவரும் தொடத் தயங்கும் இடத்தில் கைவைத்தார்: முன் பிளாக்கில் வைக்கும் காலையே மாற்றினார். முன்கால்தான் கட்டையை அதிக நேரம் தள்ளுகிறது. பிறகு ஒவ்வொரு அடியின் வரிசையும் அதைப் பொறுத்தே அமைகிறது. சிறுவயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம் முழுவதையும் கலைத்து அடுக்க வேண்டும். மறு ஆண்டு மே மாதம் யூஜீனில் 9.99 ஓடினார். அமெரிக்கப் பயிற்சியாளர் ராண்டி ஹண்டிங்டன் வந்து அந்தத் தொடக்கத்தை இன்னும் செதுக்கினார். 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி. 31 வயது சு, முதல் 60 மீட்டரை 6.29 விநாடியில் கடந்தார். உள்ளரங்க 60 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனையே 6.34தான். 100 மீட்டரை முடித்தபோது கடிகாரத்தில் 9.83, ஆசியாவின் புதிய சாதனை.