சைக்கிளில் வந்தவர் வாங்கித் தந்த உரிமை, சைக்கிளுக்கு இல்லை

இன்னைக்குக் கதை ஒரு சைக்கிள் ரைடில் ஆரம்பிச்சு ஜெயிலுக்குப் போய் மறுபடி சைக்கிளுக்கே வரும்.

போன ஜூன் மாசம். ஆபீஸ் முடிஞ்சதும் நாங்க நாலு பேர் மவுண்டன் பைக்குகளைக் காரில் கட்டிக்கொண்டு மான்செஸ்டரில் இருந்து கிளம்பினோம். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஹேஃபீல்டு என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அதனால் வேலை நாளிலும் ஒரு மலை ஏறி இறங்கிடலாம்.

ஊருக்கு மேலே இருப்பதுதான் மூர். மலைன்னதும் ஊட்டி மாதிரி மரங்களைக் கற்பனை பண்ணாதீங்க. மரமே இல்லாத, காற்று அறையும் மேட்டுநிலம். முழங்கால் உயர ஹெதர் புதர், அதுக்குக் கீழே ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி குடிச்ச கருப்பு பீட் மண். இந்தப் பகுதியின் உச்சி கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர்.

பவுடன் பிரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு பழைய கல்குவாரி. இப்போ கார் நிறுத்துற இடம். பாறையில் ஒரு நினைவுப் பலகை பதிச்சிருக்கு. நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டே அதைப் படிச்சேன். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் இங்கிருந்துதான் கிளம்பியிருக்காங்க.

அவங்க ஏன் வந்தாங்க? கிண்டர் ஒரு காலத்தில் சுற்றுவட்டார மக்கள் ஆடு மேய்ச்ச பொதுநிலம். 19ஆம் நூற்றாண்டில் அது வேலி போட்டுத் தனியார் கைக்குப் போச்சு. கிரவுஸ் என்று கௌதாரி மாதிரி ஒரு பறவை உண்டு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 12இல் அதைச் சுடும் சீசன் தொடங்கும். சில நாள் வேட்டைக்காக வருஷம் முழுக்க மலையைப் பூட்டி, தடியோடு காவலாட்களையும் நிறுத்தினாங்க. ஒருபக்கம் மான்செஸ்டர், மறுபக்கம் ஷெஃபீல்டு. வாரம் முழுக்க மில்லிலும் பட்டறையிலும் புகை குடிச்சவங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு எதிரே மலை தெரியும். ஆனா கால் வைக்க முடியாது.

அன்னைக்குக் கூட்டத்தின் முன்னால் நின்றவர் பென்னி ராத்மன். மான்செஸ்டர்க்காரர், வயசு 20, மோட்டார் மெக்கானிக், கம்யூனிஸ்ட். கோர்ட் தடை உத்தரவை நீட்டுவதற்கு ஸ்டேஷனில் ஆள் காத்திருக்கலாம் என்று சந்தேகம். அதனால் ரயிலை விட்டுட்டு அவர் சைக்கிளை மிதிச்சே ஹேஃபீல்டு வந்தார்! இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

குவாரியில் ஒரு பாறை மேல் ஏறிப் பேசினார். சுமார் 400 பேர் மலையேறினாங்க. வழியில் காவலாட்களோடு கைகலப்பு, ஒரு காவலாளுக்கு அடி. மேலே ஷெஃபீல்டு பக்கமிருந்து வந்த குழுவைச் சந்திச்சாங்க. திரும்பி இறங்கினால் ஊரில் போலீஸ்.

இங்கே ஒரு விஷயம். அத்துமீறி நுழைவது அப்போ அங்கே குற்றமே இல்லை, வெறும் சிவில் விவகாரம். அதனால் கலவரக் கூட்டம் சேர்த்ததாக வழக்குப் போட்டாங்க. டெர்பி கோர்ட் 5 பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை கொடுத்தது. ராத்மனுக்கு 4 மாதம். மலையேற்றச் சங்கத் தலைவர்களில் பலரே இந்தப் போராட்டத்தை ஆதரிக்கலை. ஆனா இந்தத் தண்டனைதான் அவங்களையும் கோபப்படுத்தியது.

மீதியை வேகமா சொல்றேன். 1949இல் தேசியப் பூங்கா சட்டம். 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட், பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. 2000இல் வந்த சட்டம்தான், வரைபடத்தில் குறிச்ச மூர், மலை எல்லாவற்றிலும் யாரும் பாதையை விட்டு விலகி நடக்கலாம் என்று சொன்னது. 2002 ஜனவரியில் ராத்மன் 90 வயசில் இறந்தார். அதே ஏப்ரலில், போராட்டத்தின் 70ஆம் ஆண்டு விழாவில், அன்றைய நிலச் சொந்தக்காரரின் பேரனான டெவன்ஷயர் டியூக் தன் குடும்பம் செய்தது தப்பு என்று மன்னிப்புக் கேட்டார். மூணு மாசம் முன்னாடி கேட்டிருந்தால் ராத்மன் காதிலும் விழுந்திருக்கும்.

சரி, எங்க ரைடுக்கு வருவோம். கோல்டுவெல் கிளஃப் வழியா மூச்சு வாங்க மிதிச்சு, கடைசிக் கல்மேட்டில் வண்டியைத் தள்ளி, எடேல் கிராஸ் சேர்ந்தோம். சுவரோரம் ஒரு பழைய கற்சிலுவை. இடதுபக்கம் கிண்டருக்கு ஏறும் பாதை.

“மச்சி, மேல போயிடலாம்டா. இந்நேரத்துக்கு யாரு பார்க்கப் போறா?” என்றான் என் நண்பன்.

கூட வந்த உள்ளூர்த் தோழி தலையாட்டினாள். நாங்க ஏறி வந்தது குதிரைப் பாதை. 1968இல் வந்த ஒரு சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளையும் அனுமதிச்சது, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடணும் என்ற நிபந்தனையோடு. ஆனா 2000இன் சட்டம் தந்த உரிமை காலுக்கு மட்டும்தான். சைக்கிள் ஒரு வாகனம், அதனால் சேராது. பக்கத்து ஸ்காட்லாந்தில் 2003இன் சட்டம் சைக்கிளையும் குதிரையையும் சேர்த்தே அனுமதிக்குது. அதாவது சைக்கிளில் வந்தவர் ஜெயிலுக்குப் போய்த் திறந்த மலையில், அவர் சைக்கிளுக்கு இடமில்லை.

எனக்குச் சுர்ருன்னு வந்தது. இது அதே பழைய வேலிதானே?

அதுக்கு அவள் மண்ணைக் காட்டினாள். தொழிற்சாலைப் புகை, மேய்ச்சல், தீ எல்லாம் சேர்ந்து இந்தப் பீட்டைப் பல இடங்களில் மொட்டையாக்கிடுச்சு. கிண்டர் 1982இல் இருந்து நேஷனல் டிரஸ்ட் கையில் இருக்கு. பல வருஷமா அங்கே ஓடைகளை அடைச்சு, பாசி நட்டு மண்ணை மீட்கிறாங்க. ஈரப் பீட்டில் ஒரு டயர் தடம் விழுந்தால் மழைத்தண்ணி அதையே வாய்க்காலாக்கிடும்.

அவள் சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இன்னைக்கும் முழுசா இல்லை. ஆனா எனக்கு ஒரு வித்தியாசம் பிடிபட்டது. 1932இல் மலை பூட்டிக் கிடந்தது சிலருடைய பொழுதுபோக்குக்காக. மண்ணுக்காக ஒரு பாதையை மூடினால் அது வேற. அந்தக் காரணத்தைச் சொல்லி மூடினால் நானே சுத்திப் போவேன். ஆனா சட்டம் மண்ணைப் பார்த்துக் கோடு போடலை. பாறை வழியிலும் அதே தடைதான். அந்த இடத்தில் ராத்மனோட கேள்வியைத் திரும்பக் கேட்கலாம்னு நினைக்கிறேன்.

நாலு சைக்கிளையும் சுவரில் சாய்ச்சு வெச்சுட்டு மேலே நடந்தோம். சைக்கிளை விட்டதும் சட்டப்படி நாங்க சரியான ஆட்கள். தூரத்தில் மான்செஸ்டர் விளக்குகள் எரியத் தொடங்கின. பத்து மணிக்கு ஹெட்லைட் போட்டுக்கொண்டு வந்த வழியே இறங்கினோம்.

உங்க ஊரில் அப்படிப் பூட்டிக் கிடக்கும் குன்று, குளம், கடற்கரை எது? யார் பூட்டினாங்க, எதுக்காக? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.