கொடியும் கோலும்

ஓர் ஆட்சிப் பிரிவு தனக்கெனக் கொடி பெறுதல் ஒன்று. கோல் பெறுதல் வேறொன்று. கொடி கண்ணுக்குப் புலனாவது. கோல் செயலிற் புலனாவது. இவ்விரண்டும் ஒருங்கே அமையாதவிடத்துத் தன்னாட்சி என்பது பெயரளவில் நின்றுவிடும்.

சோவியத்து ஒன்றியத்தின் சுயாட்சிக் குடியரசுகள் இதற்குச் சான்றாம். 1920-இல் அமைக்கப்பட்ட தாத்தாரியக் குடியரசு வொல்கா நதிக்கரையிலுள்ள கசானைத் தலைநகராகக் கொண்டது. முஸ்லிம்களாகிய தாத்தாரியரும் உருசியரும் அங்கே பெருந்தொகையினர். பிற்காலத்தில் அக்குடியரசுக்கு யாப்பும் உயர் சோவியத்தும் அமைச்சரவையும் இருந்தன. எனினும் அதன் கொடி, பெயர் பொறிக்கப்பட்ட உருசியக் குடியரசின் கொடியே. அதிகாரமோ மொஸ்கோவின் ஒப்புதல் பெற்ற கட்சி முதற் செயலாளரிடம் இருந்தது. 1991-இல் பச்சையும் சிவப்பும் சம அளவினவாய், இடையே மெல்லிய வெண்பட்டி அமைந்த புதுக்கொடி ஏறிற்று. அக்கொடி நிலைத்தது, தலைவருக்குரிய சனாதிபதி என்னும் பதவிப் பெயரோ 2023-இல் மறைந்தது.

இனி, கிழக்கிலங்கையை நோக்குவோம். 1948 சனவரி 16-இல், 1815-இல் ஆங்கிலேயர் கொண்டுசென்ற சிறீ விக்கிரம இராசசிங்கனின் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாதல் வேண்டுமெனப் பாராளுமன்றத்திற் பிரேரித்தவர், மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. நாயக்கர் மரபினனான மன்னனின் கொடியை முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் வேண்டி நின்றமை நினைக்கத்தக்கது. பின்னர் அமைந்த குழு, முஸ்லிம்களுக்குப் பச்சையும் தமிழருக்குச் செம்மஞ்சளுமாக இரு பட்டிகளைச் சேர்த்தது. அவை சிங்கம் நிற்கும் பகுதிக்குப் புறத்தே அமைந்தமையை ஏற்காத செனற்றர் எஸ். நடேசன் ஒருவரே அறிக்கையில் ஒப்பமிட்டிலர். 1951 மார்ச்சில் அக்கொடி ஏற்கப்பட்டது.

கொடியில் எழுந்த இவ்வினா, பதின்மூன்றாம் திருத்தத்தால் 1987-இல் மாகாண சபைகள் தோன்றியபோது பதவியில் எழுந்தது. வடக்குடன் இணைந்திருந்த கிழக்கு, உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி 2007-இல் தனி மாகாணமாயிற்று. 2008 மேயில் முதற் சபை தேர்ந்தெடுக்கப்பட்டபின், சிவநேசதுரை சந்திரகாந்தன், நஜீப் அப்துல் மஜீத், ஹாபிஸ் நசீர் அஹமத் ஆகியோர் அடுத்தடுத்து முதலமைச்சராயினர். முதல்வர் தமிழரா முஸ்லிமா என்பதே ஊர்தோறும் பேச்சாயிருந்தது.

ஆயின் அந்த இருக்கையின் கைக்கெட்டியது யாது என்பதே ஆராயற்பாலது. ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. அவர் விரும்புங்காலம்வரையே ஆளுநர் பதவி வகிப்பர். ஆளுநரின் விதப்புரையின்றி நிதி தொடர்பான நியதிச்சட்டம் சபைக்கு வாராது. மாகாணச் சேவையாளரின் நியமனமும் இடமாற்றமும் சட்டப்படி ஆளுநரிடத்தன. காணி, பொலிஸ் அதிகாரங்கள் முழுமையாக ஒருபோதும் கைமாறவில்லை.

காத்தான்குடியின் வரலாறே இவ்வேறுபாட்டைத் தெளிவிக்கும். அவ்வூரவரான எம். எல். ஏ. எம். ஹிஸ்புல்லாஹ் 2008-இல் மக்கள் வாக்கினாற் சபைக்கு வந்து மாகாணச் சுகாதார அமைச்சரானார். 2019 சனவரியில் சனாதிபதியின் நியமனத்தால் ஆளுநரானார். அவ்வாண்டு யூனில் பதவி துறந்தார். ஒருவரே இரு இருக்கையிலும் அமர்ந்தார். முன்னையதன் வேர் வாக்குப்பெட்டியில், பின்னையதன் வேர் கொழும்பில். அவர் ஆளுநரானபோது சபையே இருக்கவில்லை. 2017-இல் அதன் காலம் முடிவுற்றது. 2024 முடியும்வரை தேர்தல் நடைபெறவில்லை. அவ்வாண்டுகளில் ஆளுநர் பலர் வந்தனர். மாகாணக் கொடியும் பறந்தது. அவர்களைக் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி ஒருவரேனும் சபையில் இல்லை.

முதல்வர் எவ்வினத்தவர் என வாதிட்டுக் களைத்த இரு சமூகங்களும், அவர் கையிற் கோல் உண்டோ என ஒருங்கே வினவியிருப்பின் பயன் விளைந்திருக்கும். வாவியின் இரு கரையிலும் வாழ்வோருக்குப் பொதுவான இழப்பு இதுவே.