இந்தியாவில் போதைப்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு

இந்தியாவில் போதைப்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்பது நாட்டில் எத்தனை பேர், எவ்வகைப் போதைப்பொருட்களைப் பயன்படுத்துகின்றனர் என்பதை மதிப்பிடும் கள ஆய்வு ஆகும். சிகிச்சை மையங்களும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களும் இத்தகைய மதிப்பீடுகளைக் கொண்டு திட்டமிடப்படுவதால், கணக்கில் விடுபடுவோர் சேவையிலும் விடுபட நேர்கிறது.

வீட்டுக் கணக்கெடுப்பின் வரம்புகள்

தெரிவு செய்யப்பட்ட வீடுகளுக்குச் சென்று வினவுவது வழமையான முறையாகும். மது போன்று பரவலாகப் பயன்படும் பொருட்களுக்கு இம்முறை பொருந்தும். ஹெராயின் பயன்படுத்துவோரும், ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றுவோரும் மக்கள்தொகையில் சிறு பகுதியினரே. அவர்களில் தெருவிலோ சிறையிலோ இருப்பவர்கள் வீட்டுக் கணக்கெடுப்பில் இடம்பெறுவதில்லை. வீட்டில் இருப்போரும் குடும்பத்தினர் அறிந்துவிடுவர் என்ற அச்சத்தால் மறைப்பதுண்டு.

2000-2001 காலத்தில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான தேசிய ஆய்வின் வீட்டுக் கணக்கெடுப்பு, 12 முதல் 60 வயது வரையான 40,697 ஆண்களை மட்டுமே உள்ளடக்கியது. பெண்களைக் குறித்துத் தனி ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது.

சட்டச் சூழல்

போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம், 1985 இன் 27 ஆம் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொள்வதே தண்டனைக்குரிய குற்றமாகும். சிகிச்சைக்குத் தாமாக முன்வருவோருக்கு 64அ பிரிவு சில நிபந்தனைகளுடன் விலக்களிக்கிறது. ஆயினும் பெயரும் முகவரியும் காவல்துறைக்குச் சென்றுவிடும் என்ற அச்சம் ஆய்வுகளுக்குத் தடையாக உள்ளது. எனவே பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண் பதிவு செய்யப்படுவதுண்டு.

மாற்று முறைகள்

 * பதிலளிப்போர் வழி மாதிரியெடுப்பு: அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997 இல் அறிமுகப்படுத்தியது. ஆய்வில் பங்கேற்றவருக்குச் சில சீட்டுகள் வழங்கப்படும். அவர் அவற்றைத் தமக்கு அறிமுகமான பயனர்களிடம் கொடுத்து ஆய்வுக்கு அனுப்புவார். நட்பு வட்டத்திற்கு வெளியே தனித்திருப்போர், குறிப்பாகப் பெண்கள், இதிலும் விடுபடக்கூடும்.
 * பெருக்கல் காரணி முறை: ஓரிடத்தில் ஓராண்டில் 1,000 பேர் சிகிச்சை பெற்றதாகப் பதிவேடு காட்டுகிறது எனக் கொள்வோம். கள ஆய்வில் பத்தில் ஒருவரே சிகிச்சை பெற்றதாகத் தெரிந்தால், மொத்தப் பயனர்கள் ஏறத்தாழ 10,000 பேர் எனக் கணிக்கப்படும். பதிவேடு பிழையானால் கணிப்பும் பிழையாகும்.

2019 தேசிய ஆய்வு

சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்திற்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதைச் சார்புச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019 இல் வெளியானது. இதில் 2,00,111 வீடுகளில் 4,73,569 பேர் நேர்காணப்பட்டனர். இத்துடன் சட்டவிரோதப் போதைப்பொருட்களைச் சார்ந்திருந்த 72,642 பேரிடம் பதிலளிப்போர் வழி மாதிரியெடுப்பும் நடத்தப்பட்டது. ஊசி வழிப் பயனர்கள் சுமார் 8.5 இலட்சம் பேர் என இவ்வாய்வு மதிப்பிட்டது.

ஆய்வு நெறிச் சிக்கல்கள்

போதையிலோ, போதைப்பொருள் கிடைக்காத உடல் வேதனையிலோ இருப்பவர் தரும் ஒப்புதல் முழுமையானதாகக் கருதப்படுவதில்லை. பங்கேற்போருக்குப் பணம் வழங்கினால் பயனர் அல்லாதோரும் பயனராக நடிக்க வாய்ப்புண்டு. வழங்காவிடில் அவர்கள் அன்றைய கூலியை இழக்க நேரிடும். சிகிச்சை வசதி இல்லாத பகுதியில் தகவல் மட்டும் திரட்டிச் செல்வது முறையன்று என்பதால், பங்கேற்போரை அருகிலுள்ள சேவைகளுக்குப் பரிந்துரைப்பதும் ஆய்வின் கடமையாகக் கருதப்படுகிறது.